பூனைக் கொட்டாய்ப் பிராது

கருவேப்பிலங்குறிச்சி,
4.5.2025, ஞாயிறு

மூக்கு நுனியில் கோபத்தை உட்கார வைத்திருக்கும் என் நாத்தனாருக்கு,

அண்ணி பாஞ்சாலை எழுதுவது. கவரில் என் பேரைப் பார்த்ததும் கிழிக்கத் தோன்றும். படித்துவிட்டுக் கிழி. தையல்காரிக்குக் கிழிக்கவா சொல்லித் தர வேண்டும்?

போனில் என் நம்பரை அடைத்துவிட்டாய். சாமிக்கண்ணு அண்ணனுக்கு அடித்தால், "அவ பக்கத்துலயே இருக்குறாம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறார். பொண்டாட்டிக்கு இப்படிப் பயப்படுகிற மனுசனை ஸ்ரீமுஷ்ணத்தில் பெருமாள் கோயில் யானைக்குப் பதிலா நிற்க வைக்கலாம், நாலு பேர் பார்த்துவிட்டுப் போவார்கள்.

உங்க அண்ணன் பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தலில் நின்று, "இனிமே உங்ககூட ஒரு பேச்சு பேச மாட்டேன், எங்கண்ணன் மேல சத்தியம்" என்றாய். பேச மாட்டேன் என்றுதான் சொன்னாய், எழுதினால் படிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டவள் நான்.

அதே வாயால் இன்னொன்றும் சொன்னாய். "மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டறேன் பாருங்க. பேரே எழுத மாட்டேன். எங்கண்ணன் சாவுக்குக் காரணமானவங்கள நீதான் கேக்கணும்னு மட்டும் எழுதுவேன். யாருன்னு சாமிக்குத் தெரியும்!" சொன்னபடியே எழுதி, வேலில் கட்டியும் விட்டாயாம். கோயில் வாசலில் பூ விற்கிற ராணி சொன்னாள். அங்கே கட்டிய பிராதுக்கு மூன்று மாசத்தில் தீர்ப்பு வந்துவிடும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆடி பிறந்தால் உன் கெடு முடிகிறது.

வேலு, கேலியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்கிறேன். அதை ராஜினாமா பண்ணி, வாபஸ் வாங்கிவிடு. கட்டினவர்களே போய்ச் சொன்னால்தான் சாமி விடும். என்னைத் திட்டவேண்டுமென்றால் நேரில் வந்து திட்டு, செருப்பைக்கூட எடு. பிராது மட்டும் வேண்டாம்.

உங்க அண்ணன் தெருப் பூனைகளுக்குப் போட்ட கொட்டாய் அப்படியே இருக்கிறது. அவர் போனது பூனைகளுக்கு இன்னும் தெரியவில்லை. அவருடைய பீங்கான் கம்பெனி வேன் வருகிற நேரத்துக்குப் படலுக்குப் பக்கத்தில் போய் வரிசையாக உட்காருகின்றன. சூளை சூட்டுக்குக் குட்டி போட வந்த பூனையை முதன்முதலா லுங்கியில் சுற்றிக்கொண்டு வந்தாரே, "பொண்டாட்டிக்கு ஒரு மொழம் பூ வாங்கியாரத் துப்பில்ல, பூனை வாங்கியாந்துட்டாரு எங்கண்ணன்" என்று நீதான் முதலில் சிரித்தாய். பாலுக்கும் மருந்துக்கும் வழியில்லாமல் முழித்தபோது பூனை உண்டியல் யோசனை சொன்னதும் நீதான். கீறல் விழுந்தது என்று கம்பெனியில் ஒதுக்கின பூனை பொம்மை உண்டியல்களை அவர் கேட்டு வாங்கி வர, நான் கண்ணும் மீசையும் எழுத, டீக்கடைக்கு டீக்கடை பீங்கான் பூனை உட்கார்ந்தது. முதல் பூனை உன் தையல் கடையில்.

இப்போது அந்த உண்டியல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கொட்டாய்ப் பூனை கடித்து வெறி ஏறித்தான் பூபாலன் செத்தான் என்று ஊர் பேசுகிறது. பழமலை டீக்கடைக்காரர் பூனையைத் துண்டில் மூடிக் கொண்டுவந்து தந்தார், அது அவரையும் கடித்துவிடும் போல.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் நமக்கெல்லாம் போட்ட வெறிக்கடி ஊசியை விடாமல் போட்டு முடித்தாயா? உன் கடையில் தைக்கிற அந்தத் தென்றல் பொண்ணுக்கும் போட்டுவிடு. பெரியாஸ்பத்திரியில் சும்மாவே போடுகிறார்கள்.

திட்டுவதற்காகவாவது பதில் எழுது.

பாஞ்சாலை


ஸ்ரீமுஷ்ணம்,
13.5.2025

பாஞ்சாலை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

இரண்டு மாதம்கூட ஆகாத சாவுக்கு இவ்வளவு வேடிக்கையாகக் கடிதம் எழுத உங்களால் எப்படி முடிகிறது என்று திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எனக்குப் புரியவில்லை.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் எங்கள் அண்ணன் தண்ணீர் டம்ளரைப் பார்த்து நடுங்கியதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தாகம் என்கிறார், கொடுத்தால் தள்ளுகிறார். சிறு பிள்ளையில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு மணிமுத்தாற்றில் இறங்கியவர் அவர். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வாய் தண்ணீர் நிம்மதியாக இறங்குவதில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஒரே வீட்டில் இருந்தீர்கள். ஒரே தட்டில்கூடச் சாப்பிட்டிருப்பீர்கள். புருஷன் கையில் பூனைப் பல் பட்டது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் ஊசிக்குக் கூட்டிப் போகவில்லையா? நாய் கடித்தால்தான் ஊசி என்று நீங்களும் இருந்துவிட்டீர்களா, அல்லது கொட்டாய்க்குக் கெட்ட பெயர் வரும் என்று மறைத்தீர்களா?

பிராதை எடுக்க மாட்டேன்.

என் கடையிலிருந்த பூனை உண்டியலை உடைத்துவிட்டேன். உள்ளே இருந்ததைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன்.

வேல்விழி


கருவேப்பிலங்குறிச்சி,
25.5.2025, ஞாயிறு

அன்புள்ள வேலு,

'பாஞ்சாலை அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாய். எனக்கு 'அவர்கள்' போட்ட முதல் ஆள் நீதான். ரேஷன் கார்டில்கூட மொட்டையாகத்தான் இருக்கிறது. போஸ்ட்மேனைக் கூட்டி வந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

எப்படிச் சிரிக்கிறாய் என்று கேட்டாய். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனுசனைக் கிண்டல் பண்ணியே பழகின வாய். காலையில் எழுந்ததும் யாரையாவது சீண்டத் தேடுகிறது. ஆள் இல்லை. பூனைகளைச் சீண்டினால் அதுகள் வாலைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

போன வாரம் ஊரில் கூட்டம் போட்டார்கள். எதிர்வீட்டு மதிவதனி வீட்டுக்காரர் எழுந்து, "கொட்டாயப் பிரிச்சிடணும்ங்க. புள்ளகுட்டிங்க இருக்கிற தெரு. புருசனையே தின்னுட்டுது, இன்னும் அதுக்குச் சோறு போடறாங்க இவங்க" என்றார். நான் எழுந்து, "நீங்க வருசம் பூரா வூட்ல உக்காந்து தின்னுறீங்க, மதிவதனி ஒங்களுக்குச் சோறு போடலியா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, கொட்டாயைப் பிரிக்க வேண்டும் என்றே முடிவு பண்ணினார்கள். சிரிப்புக்கு அவ்வளவுதான் விலை.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்துதான் நிறுத்தினார்கள். எல்லாப் பூனைக்கும் ஊசி போட்டு, கழுத்தில் ஒரு சிவப்புக் கயிறும் கட்டினார்கள். காது ஒடஞ்ச கப்பு இருக்கிறதே, ஒரு காது இல்லாத வெள்ளைப் பூனை, அது ஊசிக்குப் பயந்து என் புடவைக்குள் புகுந்துகொண்டது. ஆடி வரைக்கும் பார்க்கலாம் என்று ஊரில் தவணை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் உண்டியல் எல்லாம் வீட்டில் அடுக்கி இருக்கும்போது பாலுக்கு எங்கே போக? கம்பெனியில் பொம்மைக்குக் கண் எழுதுகிற கூலியில் ஓடுகிறது. அவருக்குப் பதிலா நான் இரவு ஷிப்டும் கேட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். புருஷன் கையைக் கட்டினவள் பார்க்காமல் இருந்தது தப்புதான். என்னையே குற்றவாளியாக வைத்துக்கொள். ஆனால் பிராதை எடு. பேர் போடாமல் கட்டியிருக்கிறாய் வேலு. பேர் போட்டிருந்தால் நான் இத்தனை தூரம் கெஞ்ச மாட்டேன், வாங்கிக்கொண்டு போயிருப்பேன். பேர் இல்லாத பிராது யார் வாசலில் போய் நிற்கும் என்று கட்டினவர்களுக்கே தெரியாது.

தென்றலுக்கு ஊசி போட்டாயா இல்லையா? அதற்குப் பதிலே இல்லை.

உன் அண்ணி


ஸ்ரீமுஷ்ணம்,
6.6.2025

பாஞ்சாலை அவர்களுக்கு,

உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்பது தெரிகிறது. பயமில்லாதவர்கள் இரண்டு கடிதத்திலும் பிராது, பிராது என்று எழுத மாட்டார்கள். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். "பாவம்டி, அது ஒண்டியா கெடக்குது, எடுத்துடேன்" என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் ஒன்று என் மனதில் உறுத்துகிறது. தென்றல் எங்கள் அண்ணனைத் தொட்டதே இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சாவுக்கு வந்தாள், ஓரமாக நின்றாள், போனாள். உங்கள் கொட்டாய்ப் பக்கம் அவள் வந்ததே கிடையாது. கூட இருந்து பார்த்த என் வீட்டுக்காரருக்கு ஊசி முடிந்ததா என்று நீங்கள் கேட்கவில்லை. தைக்கிற பெண்ணுக்குப் போட்டாயா என்று இரண்டு தடவை கேட்கிறீர்கள். எதற்கு?

மூன்று கேள்விக்கு நேராகப் பதில் எழுதுங்கள். எங்கள் அண்ணனைக் கடித்தது எந்தப் பூனை? எங்கே வைத்துக் கடித்தது? என்றைக்கு?

அதற்குப் பிறகு பிராதைப் பற்றி யோசிக்கிறேன்.

வேல்விழி


கருவேப்பிலங்குறிச்சி,
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள வேல்விழிக்கு,

நீ கேட்டதற்குப் பதில்.

கடித்தது நம் கொட்டாய்ப் பூனை. ஜாடி என்று கூப்பிடுவோமே, அந்தக் கருப்பு. கடித்தது கொட்டாயில். என்றைக்கு என்றால் மாட்டுப் பொங்கல் அன்று. சாயங்காலம் சோறு வைக்கும்போது கடித்தது. அந்தப் பூனை பிறகு செத்துவிட்டது. வேப்பமரத்தடியில் புதைத்தோம்.

தென்றல் பற்றிக் கேட்டாய். சின்னப் பொண்ணு, ஊரில் நாய் பூனை நிறைய இருக்கிறது, எதற்கும் போட்டு வைக்கலாமே என்றுதான். வேறு ஒன்றும் இல்லை.

நான் பார்த்து ஊசிக்குக் கூட்டிப்போகவில்லை. தப்பு என் பேரில்தான். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இனி நீ சொன்னபடி பிராதை ராஜினாமா பண்ணிவிடு.

இப்படிக்கு,
பாஞ்சாலை


ஸ்ரீமுஷ்ணம்,
22.6.2025

அண்ணி,

உங்கள் கடிதத்தில் ஒரு கிண்டல்கூட இல்லை. முதல் வரி படிக்கும்போதே பொய் என்று தெரிந்துவிட்டது.

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் அண்ணன் உங்கள் கொட்டாயில் இல்லை. இங்கே இருந்தார். கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையும் எடுத்துக்கொண்டு எனக்குச் சீர் கொடுக்க வந்தார். அது உங்களுக்குத் தெரியாதா? புடவை எடுத்தவரே நீங்கள்தானே. நாளைச் சரியாக எழுதி, இடத்தை மட்டும் மாற்றி எழுதிவிட்டீர்கள்.

அன்றைக்கு அவரைக் கடைக்குக் கூட்டிப் போனது நான். "அண்ணா, பரண்ல ஒரு பூனை ரெண்டு நாளா ஒரு மாதிரி கத்திக்கிட்டுக் கெடக்குது, எறங்க மாட்டேங்குது, தூக்கிட்டுப் போயேன்" என்று நான்தான் சொன்னேன். சீர் கொண்டுவந்த கட்டைப்பையிலேயே அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். இடது மணிக்கட்டில் ரத்தம். என்னண்ணா என்று கேட்டேன். "பரண் தகரம் கிழிச்சிடுச்சு பாப்பா" என்றார். நான் கழுவக்கூட விடவில்லை அண்ணி. வீட்டுக்கு ஓடிப்போய்க் காப்பித்தூள் கொண்டுவந்து வைத்து அழுத்தி, வெட்டிப்போட்ட ஜாக்கெட் துணியால் கட்டிவிட்டேன். கட்டு நன்றாகப் போட்டேன் என்று அவரே சொன்னார்.

நேற்று ஸ்டூல் போட்டுப் பரணில் ஏறிப் பார்த்தேன். கிழிக்கிற மாதிரி அங்கே எந்தத் தகரமும் இல்லை. வெறும் பலகை.

தென்றலைக் கேட்டேன். அந்தப் பூனைக்குத் தட்டில் பால் வைத்தாளாம், அது குடிக்கவில்லையாம், கையைத் தொடவில்லையாம். இருந்தாலும் கூட்டிப்போய் ஊசி ஆரம்பித்துவிட்டேன். டாக்டர் இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று என்னைத் திட்டினார். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றேன்.

நான் யார் மேல் பிராது கட்டினேன் என்று எனக்கு இப்போது தெரிகிறது. உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. நான் பந்தலில் நின்று சத்தம் போட்டபோது, அத்தனை பேர் நடுவில், நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். குற்றம் செய்தவள் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருந்தால் கொட்டாய்க்கு இந்தக் கெட்ட பெயர் வந்திருக்காது. டீக்கடைகளில் உண்டியல் இருந்திருக்கும். இரவு ஷிப்டுக்குப் போயிருக்க மாட்டீர்கள். வருகிற வாரம் வந்து பழமலை டீக்கடை வாசலில் நின்று நானே சொல்கிறேன்.

பிராதை எடுக்க மாட்டேன் அண்ணி. சாமி சரியான ஆளைத்தான் கேட்கப் போகிறது.

வேலு


கருவேப்பிலங்குறிச்சி,
30.6.2025, திங்கள்

என் தங்கமே, என் அறிவுகெட்ட நாத்தனாரே,

பொய் சொல்லத் தெரியாதவளைப் பொய் சொல்லச் சொன்னால் இப்படித்தான் ஆகும். கிண்டலையும் நடுவில் ரெண்டு தூவியிருக்க வேண்டும், உப்பு மாதிரி. அது தோன்றவே இல்லை. 

உனக்கு மட்டும் தகரம் இல்லை. எனக்கும் அதே தகரம்தான் சொன்னார். ராத்திரி நீ போட்ட கட்டைப் பார்த்துவிட்டு, "தகரத்துக்குக்கூட ஒங்க மேல ஆச வந்துட்டுதா" என்று கேட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். கட்டைப்பையில் வந்த பூனை மறுநாள் செத்தது. பட்டினியில் செத்துவிட்டது, பாவம் என்றார். பிறகு யாருக்கும் ஞாபகமே இல்லை. புண் ஆறிவிட்டது வேலு, தழும்பே தெரியாமல் ஆறிவிட்டது.

பங்குனியில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து நாய் கடித்ததா, பூனை கடித்ததா என்று கேட்டபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. டாக்டர் வெளியே போனதும் உங்க அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, பரண் பூனை கடித்ததைச் சொன்னார். "கொட்டாய்ப் பூனைன்னு சொல்லிடு. வேலு கடையிலன்னு சொல்லாத" என்றார். "கொட்டாய் பேரு கெட்டுப்பூடுமே, எல்லாத்தையும் வித்துக் கட்டுனதாச்சே" என்றேன். "பேரு கெட்டுட்டுதுன்னு பூனைக்குத் தெரியாது. பாப்பாவுக்குத் தெரிஞ்சிடும்" என்றார். அதற்கப்புறம் அவர் தெளிவாக ஒன்றும் பேசவில்லை. கடைசிப் பேச்சு உன்னைப் பற்றித்தான். எனக்கென்று ஒரு வார்த்தை வைத்துவிட்டுப் போகவில்லை, பார்த்துக்கொள். இருபத்தைந்து வருசம் சோறு ஆக்கிப் போட்டவளுக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் போனார்.

காப்பித்தூள் வைத்தேன் என்று அழாதே. நம் ஊரில் ரத்தத்தைக் கண்டால் காப்பித்தூளைத் தேடாதவர்கள் யார்? பூனை கடித்தது என்று சொல்லியிருந்தால் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பாய். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சீர் கொண்டுவந்த நாளில் தங்கச்சியை ஊசிக்கு அலைய விடக்கூடாது என்று மனசில் நினைத்திருப்பார். பெரிய மகாராஜா.

டீக்கடை வாசலில் நின்று சொல்லப்போகிறேன் என்கிறாய். உன் இஷ்டம். ஆனால் என் கூடத்தான் போக வேண்டும். நீ பாதியில் அழுவாய், மிச்சத்தை நான் சொல்ல வேண்டியிருக்கும்.

நீ எடுக்க மாட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் நேற்றுக் காலையில் நானே மணவாளநல்லூர் போனேன். அங்கே இருந்தவரிடம், "எங்க நாத்தனா ஒண்ணு கட்டிட்டாங்க, நான் எடுத்துக்கறேன்" என்று கேட்டேன். "கட்டினவங்கதாம்மா வரணும். வேணும்னா நீங்க ஒண்ணு தனியா கட்டுங்க" என்றார். சரி என்று தாள் வாங்கி, பூக்கடை ராணியிடம் பேனா கடன் வாங்கி, வெயிலில் உட்கார்ந்து எழுதினேன்.

என் பிராது பேர் போட்டது. பூபாலன் மேல்.

ரெண்டு பொம்பளைகளிடம் தகரம் என்று பொய் சொன்னார். கடித்ததை மறைத்தார். பொண்டாட்டியைப் பொய் சொல்ல வைத்து, நாத்தனாரோடு சண்டை மூட்டிவிட்டு, ஒருத்தரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். காரணமானவர் அவர்தான், வேறு யாரும் இல்லை. முதலில் இவரை விசாரித்துவிட்டுத்தான் என் நாத்தனார் பிராதைப் பிரிக்க வேண்டும் என்று எழுதினேன்.

எதிராளி விலாசம் என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன்.  ராணி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, வூட்டு நம்பர் மறந்துபோச்சா?" என்றாள். கடைசியில், 'சாமி பக்கத்தில்தான் நிற்கிறார், திரும்பிப் பார்க்கவும்' என்று எழுதினேன்.

என்ன நியாயம் வேண்டும் என்றும் எழுத வேண்டுமே. அவரை ஒரே ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பி வை, திட்டிவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்று எழுதி, வேலில் கட்டிவிட்டு வந்தேன்.

கிளம்பி வா வேலு. நான் தனியாகத் திட்டினால் அந்த மனுசனுக்கு உறைக்காது.

அண்ணி